லினக்ஸ் மின்ட் 22: ‘அனுமதி இல்லை’ என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துபோனது. விண்டோஸ் 11 ஏறாத கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட மனமில்லாதவர்களுக்குப் பலரும் முதலில் கைகாட்டுவது, விண்டோஸுக்குப் பதில் நிறுவக்கூடிய இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மின்ட்டைத்தான். மெனு இடது மூலையில், டாஸ்க்பார் கீழே, ஃபைல் மேனேஜர் பழகிய மாதிரியே. முதல் ஒரு மணி நேரம் எதுவும் இடறாது. பழைய ஹார்ட் டிஸ்க்கைச் செருகி ஒரு ஃபோல்டரை இழுத்துப் போடும்போதுதான் இடறும்: ‘அனுமதி மறுக்கப்பட்டது’. கம்ப்யூட்டர் நம்முடையது, டிஸ்க் நம்முடையது, அட்மின் பாஸ்வேர்டும் கையில் இருக்கிறது. ஆனாலும் ஃபோல்டர் உள்ளே விடாது.

மின்ட் 22-இன் சினமன் டெஸ்க்டாப் பதிப்பை இந்த ஒரு கோணத்தில் மட்டும் இங்கே பார்க்கிறோம். அடியில் இருக்கும் அனுமதி முறை எளிமையானது, நியாயமானதும்கூட. அதைப் பயனருக்குக் காட்டும் ஜன்னல்தான் அரைகுறை. ஒரு ஃபோல்டரை மூன்று வெவ்வேறு பூட்டுகள் அடைக்கலாம்: ஃபோல்டரின் சொந்த அனுமதி, டிஸ்க் ஏற்றப்பட்ட (அதாவது சிஸ்டத்தோடு இணைக்கப்பட்ட) விதம், செயலியைச் சுற்றியுள்ள வேலி. எந்தப் பூட்டு தடுத்தாலும் திரையில் வருவது ஏறக்குறைய ஒரே வாசகம். தவறான பூட்டோடு மல்லுக்கட்டியே பாதி நாள் போய்விடும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே உச்சரிப்பாக எழுதியிருக்கிறோம். கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினலில், ‘பெரிய எழுத்து’ என்று சொல்லாத இடமெல்லாம் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.

மூன்று இலக்கக் கணக்கு

விண்டோஸில் ஒரு ஃபோல்டருக்கு நீளமான அனுமதிப் பட்டியல் இருக்கும். மேல் ஃபோல்டரில் கொடுத்தது கீழே தானாக இறங்கும். லினக்ஸில் வழக்கமாகப் பட்டியல் இல்லை, இறங்குவதும் இல்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் ஓர் உரிமையாளர், ஒரு குழு, மிச்சமுள்ள எல்லாரும் என மூன்று தரப்பு. ஒவ்வொரு தரப்புக்கும் படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் ஓர் இலக்கம் வரும், மூன்று தரப்புக்கு மூன்று இலக்கம். 750 என்றால் உரிமையாளருக்கு எல்லாம், குழுவுக்குப் படிக்கவும் நுழையவும், மற்றவருக்கு ஒன்றுமில்லை.

விண்டோஸிலிருந்து வருகிறவர்கள் தடுமாறுவது அந்த 1-இல். ஃபைலுக்கு அது ‘நிரலாக இயக்கலாம்’. ஃபோல்டருக்கு அதன் பொருளே வேறு: ‘உள்ளே நுழையலாம்’. ஒரு ஃபோல்டருக்கு 4 மட்டும் இருந்தால் உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயர்கள் தெரியும், ஒன்றையும் திறக்க முடியாது. 1 மட்டும் இருந்தால் பெயர்கள் தெரியாது, ஆனால் பெயரை முன்பே தெரிந்தவர் நேராகப் போய்த் திறந்துகொள்வார். பாதையில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் இந்த 1 வேண்டும். கடைசி ஃபோல்டருக்கு வாரி வழங்கிவிட்டு, இரண்டு படி மேலே 700 இருப்பதைக் கவனிக்காமல் விடுவதுதான் நாங்கள் அதிகம் காணும் பிழை. ‘நேம்ஐ -எல்’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு முழுப் பாதையையும் கொடுத்தால், படிப்படியாக ஒவ்வொரு ஃபோல்டரின் உரிமையாளரும் அனுமதியும் வரிசையாக வரும். எந்தப் படியில் கதவு சாத்தியிருக்கிறது என்று அந்த ஒரே பட்டியலில் தெரிந்துவிடும். இவ்வளவு உபயோகமான விஷயத்தை ஃபைல் மேனேஜர் எங்கேயும் காட்டுவதில்லை.

இன்னொரு ஆச்சரியம், ஃபைலை அழிக்கும் அதிகாரம் ஃபைலில் இல்லை. அது இருக்கும் ஃபோல்டரில் எழுதும் அனுமதி இருந்தால், ‘படிக்க மட்டும்’ என்று பூட்டிய ஃபைலையும் அழித்துவிடலாம். ஒரு ஆவணத்தை 444 ஆக்கிவிட்டுப் பத்திரம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

புதிதாகச் சேர்க்கும் பயனரின் சொந்த ஃபோல்டருக்கு உபுண்டு என்ற லினக்ஸின் 21.04 பதிப்பிலிருந்து 755-க்குப் பதில் 750 தரப்படுகிறது. மின்ட் 22-இன் அடித்தளம் உபுண்டு 24.04 என்பதால் இங்கேயும் அதே நிலைதான். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு கணக்கு வைத்திருப்போர், ‘அந்தக் கணக்கில் உள்ள படங்களை முன்பு பார்க்க முடிந்தது, இப்போது முடியவில்லை’ என்று குழம்புவதற்கு இது ஒரு காரணம். நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரின் பெயர் தெரிந்தும் உள்ளே போக முடியாததற்கும் பல நேரம் இதுவே காரணம். மாற்றம் சரியானதே. ஆனால் பகிரும் ஜன்னலிலேயே இதை ஒரு வரியில் எச்சரித்திருக்க வேண்டும்.

நெமோவின் அனுமதித் தாவல்

மின்ட்டின் ஃபைல் மேனேஜர் நெமோ. ஃபோல்டரில் ரைட் கிளிக், பண்புகள், அதில் அனுமதிகள் தாவல். மூன்று தரப்புக்கும் தனித்தனியாக ‘ஃபோல்டர் அணுகல்’, ‘ஃபைல் அணுகல்’ என இரண்டு தேர்வுகள். ஃபோல்டருக்கு நான்கு நிலைகள்: எதுவுமில்லை, பட்டியல் மட்டும், ஃபைல்களை அணுகலாம், உருவாக்கலாம்-அழிக்கலாம். எண்ணில் சொன்னால் 0, 4, 5, 7. எண்ணை மனிதப் பேச்சாக மாற்றியதற்கு ஒரு சபாஷ். ஆனால் ‘பட்டியல் மட்டும்’ என்பதை ‘படிக்க மட்டும்’ என்று நினைத்துத் தேர்ந்தெடுப்பவர் நிறைய. அது மேலே சொன்ன 4. பெயர் தெரியும், திறக்காது. படிக்கக் கொடுக்க வேண்டுமானால் தேர்வு ‘ஃபைல்களை அணுகலாம்’ என்பதுதான்.

தாவலின் அடியில், உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கும் இதே அனுமதியைப் பரப்பும் பட்டன் ஒன்று உண்டு. அழுத்திய கணமே வேலை நடந்துவிடும். ‘நிச்சயமா?’ என்ற கேள்வி கிடையாது, பின்வாங்கவும் வழியில்லை. பத்தாயிரம் ஃபைல் உள்ள ஃபோல்டரில் பழைய நிலை என்ன என்று எங்கும் குறித்துவைக்கப்படுவதில்லை. இந்த மதிப்பீட்டில் நாங்கள் அதிக மதிப்பெண் குறைப்பது இந்த இடத்தில்தான். டெர்மினலில் இதே வேலைக்கு ஒரு நளினமான வழி இருக்கிறது: அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையில் ‘-ஆர்’ (பெரிய எழுத்து), பிறகு ‘யூ=ஆர்டபிள்யூஎக்ஸ், ஜிஓ=ஆர்எக்ஸ்’ என்ற வடிவம், இரண்டு இடத்திலும் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்தில், காற்புள்ளிக்குப் பின் இடைவெளி இல்லாமல். எக்ஸ் பெரிய எழுத்தாக இருந்தால் ஃபோல்டர்களுக்கும், ஏற்கெனவே இயக்கும் அனுமதி உள்ள ஃபைல்களுக்கும் மட்டுமே அந்த 1 போகும். சிறிய எழுத்தில் தட்டினால் படங்கள், பாட்டுகள் எல்லாமே ‘நிரல்’ ஆகிவிடும்.

உரிமையாளர் நீங்கள் இல்லையென்றால் தாவல் முழுவதும் சாம்பல் நிறத்தில் உறைந்திருக்கும். ‘நீங்கள் உரிமையாளர் அல்ல, எனவே மாற்ற முடியாது’ என்ற பொருளில் ஒரு வரி கீழே வரும். சரி, அடுத்து என்ன செய்வது? விண்டோஸ் இதே இடத்தில் ‘தொடர்க’ என்றொரு பட்டன் தந்து உங்கள் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிடும். அது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் என்றாலும் வேலை நடக்கும். நெமோ வழியே சொல்வதில்லை. ஆனால் வழி அதனிடமே இருக்கிறது: காலி இடத்தில் ரைட் கிளிக் செய்தால் ‘ரூட்டாகத் திற’ (ரூட் என்பது சிஸ்டத்தின் எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு). பாஸ்வேர்ட் கொடுத்ததும் புது ஜன்னல் ஒன்று, மேலே சிவப்புப் பட்டையோடு திறக்கும். அந்த ஜன்னலில் அனுமதித் தாவல் உயிர்பெறும், உரிமையாளரையும் மாற்றலாம்.

அந்தச் சிவப்புப் பட்டை நல்ல யோசனை. இருந்தும் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது. அங்கே புதிதாக உருவாக்கும் ஃபைல், ஒட்டும் ஃபோல்டர் எல்லாமே ரூட்டுக்குச் சொந்தமாகும். வேலை முடிந்ததும் சாதாரண ஜன்னலுக்கு வந்தால், ஐந்து நிமிடம் முன்பு நீங்களே ஒட்டிய ஃபைலைத் திருத்த முடியாது. அனுமதிச் சிக்கலைத் தீர்க்கப் போய் இன்னொன்றை உண்டாக்கிக்கொள்வது இப்படித்தான். ரூட் ஜன்னலில் உரிமையாளரை மட்டும் மாற்றிவிட்டு உடனே மூடிவிடுங்கள். ஃபைல்களை நகலெடுப்பதை உங்கள் சொந்த ஜன்னலில் வைத்துக்கொள்ளுங்கள்.

புது டிஸ்க், பழைய டிஸ்க்

டிஸ்க்கைப் பிரித்து ஃபார்மட் செய்யும் ஜிபார்ட்டட் கொண்டு, லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவில் ஃபார்மட் செய்த புத்தம்புது டிஸ்க்கில் ஒரு ஃபோல்டர்கூட உருவாக்க முடியவில்லை என்றால் டிஸ்க்கில் கோளாறு ஏதுமில்லை. ஃபார்மட் செய்தது ரூட், ஆகவே டிஸ்க்கின் மேல்மட்ட ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தம், அனுமதி 755. உங்களுக்குப் பார்க்க மட்டும் உரிமை. டெர்மினலில் ‘சுடோ சிஎச்ஓன்’, ஓர் இடைவெளி, உங்கள் பயனர்பெயர், முக்காற்புள்ளி, மறுபடி பயனர்பெயர், ஓர் இடைவெளி, பிறகு டிஸ்க்கின் பாதை. சுடோ என்பது ஒரு கட்டளையை ரூட் அதிகாரத்தோடு இயக்குவது, சிஎச்ஓன் உரிமையாளரை மாற்றுவது. பாதையைக் கையால் தட்ட வேண்டாம். நெமோவிலிருந்து டிஸ்க் ஃபோல்டரை இழுத்து டெர்மினலில் விட்டால் பாதை தானாக விழும். காலி டிஸ்க் என்பதால் மேல்மட்டம் மாறினால் போதும். பெரிய எழுத்து ஆர் சேர்த்து உள்ளே எல்லாவற்றையும் மாற்றத் தேவையே இல்லை.

கையால் தட்ட வேண்டாம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆர் சேர்த்த கட்டளையில், முதல் சாய்கோட்டுக்குப் பின் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்தால், அது முழு சிஸ்டத்தையும் உங்கள் பெயருக்கு மாற்றத் தொடங்கிவிடும். சுடோ நிரலே ரூட்டின் கையை விட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு சுடோ இயங்காது. தன்னுடைய ஃபைல் 0 எண் பயனருக்கு, அதாவது ரூட்டுக்கு, சொந்தமாக இருக்க வேண்டும் என்று முறையிட்டு நின்றுவிடும். தவறைச் சரிசெய்ய வேண்டிய கருவியே செத்துப்போன நிலை. நல்லவேளையாக, சிஸ்டத்தின் அன்றைய நிலையை ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்து மீட்கும் டைம்ஷிஃப்ட் மின்ட்டோடு வருகிறது. முன்பே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருந்தால், லைவ் பென்டிரைவில் பூட் செய்து, உரிமையாளர் விவரங்களோடு சிஸ்டத்தை மீட்கலாம். அந்த ஸ்னாப்ஷாட்டை வைக்க லினக்ஸ் வடிவிலான பார்ட்டிஷன்தான் வேண்டும். காரணம் சுலபம்: மற்ற வடிவங்களில் இந்த உரிமையாளர் விவரங்களை அப்படியே எழுதிவைக்க இடமில்லை. தனிப்பட்ட ஃபைல்கள் உள்ள ஹோம் ஃபோல்டரை டைம்ஷிஃப்ட் இயல்பாகச் சேர்த்துக்கொள்ளாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வேறொரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் நிரப்பிய டிஸ்க்கும் தகராறு செய்யும். டிஸ்க்கில் பதிவாவது பயனரின் பெயர் அல்ல, எண். உபுண்டு குடும்பத்தில் முதல் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. அங்கே முதல் ஆள், இங்கேயும் முதல் ஆள் என்றால் பெயர் வேறாக இருந்தாலும் எல்லாம் தானாகத் திறக்கும். அங்கே இரண்டாம் ஆளாக இருந்து இங்கே முதல் ஆளானால் ஃபைல்கள் அந்நியமாகிவிடும். அனுமதித் தாவலில் உரிமையாளர் இடத்தில் பெயருக்குப் பதில் வெறும் எண் தெரிந்தால் சிக்கல் இதுதான். ‘ஐடி’ என்று தட்டினால் உங்கள் எண் தெரியும்.

செருகியதும் தானாக ஏறும் டிஸ்க், மீடியா ஃபோல்டருக்குள் உங்கள் பெயரிலான துணை ஃபோல்டரில் போய் உட்காரும். அந்தத் துணை ஃபோல்டருக்குள் உங்களைத் தவிர வேறு சாதாரணப் பயனர் நுழைய முடியாது. டிஸ்க்கில் 777 கொடுத்தாலும் அடுத்த கணக்குக்காரருக்குத் திறக்காததன் ரகசியம் இது. இருவரும் பயன்படுத்த வேண்டிய டிஸ்க்கை, டிஸ்க்ஸ் செயலியின் ஏற்றும் தேர்வுகள் வழியாக எம்என்டி ஃபோல்டரில் நிரந்தரமாக ஏற்றிவிடுங்கள். அதில் ‘நோஃபெயில்’ என்ற சொல்லையும் சேர்த்துவிட வேண்டும். சேர்க்காமல், அடுத்த முறை டிஸ்க்கைச் செருகாமல் ஆன் செய்தால், ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு கம்ப்யூட்டர் அவசரநிலைக் கறுப்புத் திரையில் போய் நிற்கும்.

விண்டோஸ் டிஸ்க்கில் மாற்றியது ஏன் நிற்பதில்லை

விண்டோஸின் வடிவமான என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் அனுமதியை மாற்றினால், தாவலில் தேர்வு ஒரு கணம் மாறிவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பும். பிழைச்செய்தியும் வராது. பலரை வெறுப்பேற்றுவது இந்த மௌனம்தான். இப்படி ஏறும் டிஸ்க்கில் உரிமையாளரும் அனுமதியும் ஃபைலுக்கு ஃபைல் பதிவாவதில்லை. ஏற்றும்போது ஒரே கணக்கு முழு டிஸ்க்குக்கும் போடப்படுகிறது. ஆகவே மாற்ற வேண்டிய இடம் ஏற்றும் தேர்வு: யூஐடி=1000, ஜிஐடி=1000, டிமாஸ்க்=022, எஃப்மாஸ்க்=133. யூஐடி என்பது பயனர் எண், ஜிஐடி குழு எண். மாஸ்க் என்பது கழிக்க வேண்டிய எண். ஃபோல்டருக்கு 777-இல் 022 போக 755, ஃபைலுக்கு 133 போக 644. எஃப்ஏடி32, எக்ஸ்எஃப்ஏடி பென்டிரைவ்களுக்கும் இதே விதிதான், அவற்றில் லினக்ஸ் அனுமதியை எழுதிவைக்க இடமே கிடையாது.

டிஸ்க் திறக்கிறது, எதையும் எழுத மட்டும் முடியவில்லை என்றால் சந்தேகம் விண்டோஸ் பக்கம் திரும்ப வேண்டும். விண்டோஸ் 8-இலிருந்து வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியில், ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் கம்ப்யூட்டர் முழுதாக அணைவதில்லை. பாதி உறக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறது. அந்த டிஸ்க்கில் லினக்ஸ் எழுதினால் விவரங்கள் சிதையக்கூடும் என்பதால், என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவர் படிக்க மட்டும் விடுகிறது. 2021-இல் லினக்ஸின் கருவான கெர்னல் 5.15-இல் சேர்ந்த புது டிரைவர் ஏற்றவே மறுக்கலாம். இங்கே எத்தனை முறை சுடோ போட்டாலும் பயனில்லை. இது அனுமதிச் சிக்கலே அல்ல. விண்டோஸுக்குத் திரும்பிப் போய் ‘ஷட் டவுன்’ வேண்டாம், ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து அப்படியே மின்ட்டுக்கு வாருங்கள். ரீஸ்டார்ட்டில் டிஸ்க் சுத்தமாக மூடப்படும். நிரந்தரத் தீர்வு, விண்டோஸின் பவர் தேர்வுகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுவது.

டிஸ்க் பூட்டியிருப்பதன் காரணத்தை சிஸ்டத்தின் பதிவேடு தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. நெமோ அதை எடுத்துக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

செயலியின் வேலி

மூன்றாவது பூட்டு, செயலிகளைத் தனித்தனி வேலிக்குள் வைத்துத் தரும் ஃபிளாட்பேக் முறை. நெமோவில் ஃபைல் திறக்கும், டெர்மினலில் திறக்கும், ஒரே ஒரு செயலியில் மட்டும் திறக்காது. இப்படியிருந்தால் ஃபோல்டர் அனுமதியைத் தொடவே வேண்டாம். அந்தச் செயலி தனக்கு அனுமதித்த இடங்களை மட்டுமே பார்க்கும் வேலிக்குள் ஓடுகிறது. இதற்கு ஓர் அடையாளம் உண்டு: செயலிக்குள் ‘திற’ மெனு வழியாகப் போனால் ஃபைல் வரும், வெளியிலிருந்து இழுத்து விட்டால் வராது. இன்னொன்று, செயலியின் தலைப்பில் ஃபைலின் பாதை நீங்கள் வைத்த இடத்தைக் காட்டாமல், ‘ரன், யூசர், 1000, டாக்’ என்று தொடங்கும் விநோதப் பாதையைக் காட்டும். அது வேலியில் வைத்த சின்ன ஜன்னல். அந்த ஒரு ஃபைல் மட்டும் அதன் வழியே உள்ளே வருகிறது. பக்கத்து ஃபைல்கள் வராததால், வீடியோவோடு அதே ஃபோல்டரில் வைத்த சப்டைட்டில் தானாகச் சேராது.

ஃபிளாட்பேக் அனுமதிகளை மாற்றும் ஃபிளாட்சீல் என்ற செயலியை நிறுவி, இடதுபக்கம் சிக்கல் உள்ள செயலியைத் தேர்ந்து, ஃபைல்சிஸ்டம் பகுதியில் ‘மற்ற ஃபைல்கள்’ என்பதன்கீழ் டிஸ்க்கின் பாதையைச் சேருங்கள். செயலியை முழுவதும் மூடித் திறந்தால்தான் பலன் தெரியும். எல்லா ஃபைல்களையும் ஒரே சுவிட்சில் திறந்துவிடும் தேர்வும் அங்கே இருக்கிறது. அதைப் போடுவதாக இருந்தால் வேலி எதற்கு? மென்பொருள் மேலாளரில் அதே செயலி சிஸ்டம் பேக்கேஜாகவும் கிடைத்தால் அதை நிறுவிக்கொள்வது எளிது. பதிப்பு கொஞ்சம் பழையதாக இருக்கும், வேலி இருக்காது.

ஃபிளாட்சீல் மின்ட்டோடு நிறுவப்பட்டு வருவதில்லை. ஃபிளாட்பேக்கை முதல் நாளிலிருந்தே தரும் ஒரு சிஸ்டத்தில் அதன் சாவிக்கொத்தைத் தனியாகத் தேடி நிறுவ வேண்டியிருப்பது குறைதான்.

777 என்ற மருந்து

எந்தச் சிக்கலுக்கும் ‘777 கொடுத்துப் பாருங்கள்’ என்று இணையம் முழுக்க ஆலோசனை கிடைக்கும். டிஸ்க் ஏற்றத்தாலோ வேலியாலோ வந்த சிக்கல் என்றால் அது ஒன்றும் செய்யாது. சொந்த அனுமதியால் வந்த சிக்கல் தீரும், ஆனால் வேறு இடத்தில் உடையும். ஹோம் ஃபோல்டர் முழுவதற்கும் 777 போட்டால், வேறு கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்-இன் மறைந்திருக்கும் ஃபோல்டரில் உள்ள தனிச்சாவியும் எல்லாருக்கும் திறந்துவிடும். அனுமதி அளவுக்கு மீறி விரிந்திருக்கிறது என்று சொல்லி எஸ்எஸ்எச் அந்தச் சாவியைப் பயன்படுத்த மறுக்கும். அந்த ஃபோல்டருக்கு 700, சாவிக்கு 600 என்று திருப்பி வைக்க வேண்டும்.

இருவர் சேர்ந்து எழுத ஒரு ஃபோல்டர் வேண்டும் என்றால் முறையான வழி குழு. புதுக் குழு ஒன்றை உருவாக்குங்கள். ‘சுடோ யூசர்மோட் -ஏஜி’, குழுவின் பெயர், பயனர்பெயர் என்ற வரிசையில் இருவரையும் சேர்க்க வேண்டும். இதில் ஏ சிறிய எழுத்து, ஜி பெரிய எழுத்து. ஏ விட்டுப்போனால் அந்தப் பயனர் வேறு எல்லாக் கூடுதல் குழுக்களிலிருந்தும் விலக்கப்படுவார், சுடோ குழு உட்பட. ஒரே அட்மின் நீங்கள்தான் என்றால் அந்த ஓர் எழுத்து விடுபட்டதற்கு ரெகவரி மோடில் போய்ப் பரிகாரம் தேட நேரிடும். பிறகு ஃபோல்டரின் குழுவை மாற்றி, அனுமதியை 2775 ஆக்குங்கள். முன்னால் நிற்கும் அந்த 2, உள்ளே உருவாகும் புது ஃபைல்களுக்கும் அதே குழுவைக் கொடுக்கும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு புது ஃபைலும் உருவாக்கியவரின் சொந்தக் குழுவுக்குப் போய்விடும். வேறிடத்திலிருந்து உள்ளே நகர்த்திய ஃபைலுக்கு இது பொருந்தாது. ஒரே பார்ட்டிஷனுக்குள் நகர்த்தினால் ஃபைல் பழைய குழுவோடும் பழைய அனுமதியோடுமே வந்து சேரும், நகலெடுத்தால்தான் புதிதாகப் பிறக்கும்.

எல்லாம் செய்தும் கதவு திறக்கவில்லையா? லாக்-அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். குழு உறுப்பினர் பட்டியல் உள்நுழையும்போது மட்டுமே வாசிக்கப்படுகிறது. டெர்மினலை மூடித் திறப்பது போதாது.